மாதம் ஐந்தாம் தேதிக்குள்

ஜூலை 29, திங்கள்

இன்றைக்கும் வாய்தா. வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போய், காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை கோர்ட் வராந்தாவில் நின்று, கையில் வாங்கி வந்தது பதினோரு பக்க எதிர்மனு. போட்டவர் மகாலிங்கம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறார். மூன்று வருடம் முன்புவரை எனக்குக் கணவர், இப்போதும் நித்திலாவுக்கு அப்பா. முதல் உறவை ரத்து செய்ய கோர்ட் இருக்கிறது. இரண்டாவதை ரத்து செய்ய எந்த நாட்டிலும் கோர்ட் கிடையாது என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

விவாகரத்தின்போது மகளுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் தருவதாக அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் ஒழுங்காக வந்தது. பிறகு நின்றுபோய் இப்போது பதினான்கு மாதம். கேட்டு மனுப் போட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில். வேலை போய்விட்டதாம். ஒரு கடையில் பெட்டி தூக்குகிறாராம். ஒரே அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கிறாராம். அதனால் மாதம் மூவாயிரம்தான் முடியுமாம். ஒன்பதாம் பக்கத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி: "மனுதாரர் வசதியாகச் சம்பாதித்து வருகிறார்." இன்னாசி அண்ணன் கடையில் ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்து மாதம் பதிமூன்றாயிரம் வாங்குகிறேன். நான் வசதியானவள் என்பதை ஒன்பதாம் பக்கம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"இங்க வாங்குற உத்தரவ அங்க கொண்டுபோய்ச் செல்லுபடியாக்கணும்னா அது தனி வேலை, ஜெயக்கொடி" என்றார் வக்கீல் ரெஜினா மேடம். "அந்த ஊரு வக்கீலு, அந்த ஊருச் செலவு. வருசக்கணக்குல இழுக்கும். ஆளு இங்க வந்தாத்தான் பிடி நம்ம கையில. அவரு எதுக்கு வரப்போறாரு?"

அடுத்த வாய்தா செப்டம்பர் 30. என் பெற்றோர் என்ன நினைத்து ஜெயக்கொடி என்று பெயர் வைத்தார்களோ தெரியாது. கொடியை இறக்குவதாக இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

சிலிண்டர் தீர்ந்தது. கரண்ட் அடுப்பில் சோறு மட்டும். நித்திலா தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெரிய போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மிஷின் முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நித்திலாவின் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டாவது முறையாகச் சீட்டு வந்தது. எட்டாம் வகுப்பு, பாதிப் பீஸ் பாக்கி. சீட்டை அவள் என்னிடம் நேராகத் தரவில்லை. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

"நான் கவர்மெண்ட் ஸ்கூலுக்கே போறேன்மா. அங்க பீஸே இல்ல."

"கவர்மெண்ட் ஸ்கூலு ஒண்ணும் மட்டமில்ல. நானும் அங்கதான் படிச்சேன். நம்மளா முடிவெடுத்துப் போனா சரி. ஒருத்தர் குடுக்க வேண்டியதக் குடுக்காததுனால போகக்கூடாது."

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா நெசமாவே பொட்டி தூக்குறாராம்மா?"

எதிர்மனுவை எடுத்துப் படித்திருக்கிறாள். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும்.

"எனக்கென்ன தெரியும்?"

"அவருக்கு முதுகு வலி இருக்குல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மாவுக்கு இருக்கிற முதுகு கண்ணில் படவில்லை, கடல் தாண்டி இருக்கிற முதுகுக்கு வலிக்கிறதாம். சத்தம் போட்டுவிட்டேன். பிறகு போய் முட்டை வாங்கி வந்து பொரித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சுதந்திர தின போர்டு பதினெட்டு. எல்லாவற்றிலும் வாழ்த்துகிறவர் தலை கொடியைவிடப் பெரிது. கண் எரிகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

காலையில் பந்தல்காரர் ஒரு ஆர்டரை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார். காதணி விழா, செப்டம்பர் 1, பெரியகுளம் ரோட்டில் இருக்கும் மண்டபம். இருபது அடிக்குப் பத்து அடி போர்டு. வீட்டார் பெயரைப் பார்த்தேன். சோலைராஜ் - பஞ்சவர்ணம். பஞ்சவர்ணம் மகாலிங்கத்தின் ஒரே தங்கை. இந்தக் கடையில் டிசைன் செய்வது யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பந்தல்காரருக்கும் தெரியாது. அவர் எந்தக் கடையில் ரேட் குறைவோ அங்கே அனுப்புகிறவர்.

தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் அந்த வீட்டில் காதுகுத்து. அவர் வரவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைப்பார்களே தவிர வேறு மடியில் உட்கார வைக்க மாட்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு இருப்பது ஒரே அண்ணன். ஆகவே வருகிறார். இரண்டு வாரம் லீவு போட்டு வந்து, வாய்தாவுக்கு முன்னால் திரும்பிப் போய்விடலாம் என்ற கணக்காக இருக்கும்.

போர்டில் போட வேண்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"கண்டம் தாண்டி வரும் எங்கள் தாய்மாமனே, வருக வருக! திரு. அ. மகாலிங்கம், பி.இ., சீனியர் புராஜெக்ட் மேனேஜர், பெர்த், ஆஸ்திரேலியா."

கூடவே ஒரு படம். இரண்டு மாடி வீடு, வாசலில் வெள்ளைக் கார், காரில் சாய்ந்துகொண்டு பெட்டி தூக்குகிறவர். படத்துக்குக் கீழே "பெர்த்தில் தாய்மாமனின் சொந்த இல்லம்" என்று பொன் எழுத்தில் வர வேண்டுமாம். நான்கு பேர் தங்கும் அறை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சோலைராஜ் குரலில் ஒரு செய்தியும் இருந்தது. "வீடும் காரும் பளிச்சுன்னு தெரியணும்ணே. மச்சான் தொப்பையக் கொஞ்சம் கொறச்சிருங்க, கலரு ஏத்திருங்க. தோள்ல ஒரு கை இருக்கும் பாருங்க, அத மட்டும் எடுத்துருங்க."

தொப்பையைக் குறைத்தேன். நிறத்தை ஏற்றினேன். வாங்குகிற கூலிக்கு வேலை ஒழுங்காக இருக்க வேண்டும். அந்தக் கையில் மூன்று வளையல், ஒரு மோதிரம். படத்தில் பக்கத்தில் நின்றவளை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள், கை மட்டும் தங்கிவிட்டது. அதை அழிக்க நாற்பது நிமிடம் ஆனது, சட்டை மடிப்பை மறுபடி வரைய வேண்டியிருந்ததால். மதியம் சாப்பிடவில்லை. காலையில் இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன், அதனால்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்னாசி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மறைத்து எதையும் செய்கிற பழக்கம் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கஸ்டமர் மேட்டரு கடைய விட்டு வெளிய போகக்கூடாதுத்தா. இன்னைக்கு உன் பக்கம் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். நாளைக்கு எவனாவது வந்து எனக்கும் நியாயம்பான். அப்புறம் இந்தக் கடைய நம்பி எவன் படத்தக் குடுப்பான்?"

"ஒரு எழுத்துகூட வெளிய போகாதுண்ணே."

"அப்ப என்ன செய்யப் போற?"

"நல்லா அடிச்சுக் குடுக்கப் போறேன். அவய்ங்களே தூக்கிட்டுப் போயி ரோட்டுல கட்டுவாய்ங்க. ரோட்டுல நிக்கிறதப் பாக்க நான் யாருகிட்டக் கேக்கணும்?"

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்காமல் இருமல் வந்துவிட்டது. "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. சரி, துணி நல்லதாப் போடு. காத்துல கிழிஞ்சிரப் போகுது."

ஆகஸ்ட் 24, சனி

ரெஜினா மேடத்துக்கு போன் செய்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்: "வர்றாரா?"

கேஸை முன்கூட்டியே எடுக்கச் சொல்லி மனு தயார் செய்கிறாராம். போர்டு படத்தில் மண்டபத்தின் பெயரும் ரோடும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றார். என்னிடம் போய் படம் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிறார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே மண்டபத்துக்கு எதிரில் நின்றேன். என் போர்டு என்று சொல்லக் கூடாது, ஆனாலும் நன்றாகவே வந்திருந்தது. நிறம் வெளிறவில்லை, எழுத்து தெளிவு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடை வாசலிலிருந்து ஆறு படம் எடுத்தேன். மண்டபம், ரோடு, மேளக்காரர்கள், வீடு, கார், சீனியர் புராஜெக்ட் மேனேஜர், எல்லாம் ஒரே சட்டத்தில்.

ஏழாவது படம் எடுக்கும்போது பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்தாள். தலை நிறைய மல்லிகை, பட்டுச்சேலை. என்னைப் பார்த்ததும் நேராக ரோட்டைக் கடந்து வந்துவிட்டாள்.

"மதினி, இங்க என்ன பண்றீங்க?" பழைய பழக்கத்தில் மதினி என்று வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போர்டு அடிச்சது நாந்தான் பஞ்சு. சரியாக் கட்டியிருக்காய்ங்களான்னு பாக்க வந்தேன்."

அவளுக்கு முகம் வெளுத்தது. போர்டைத் திரும்பிப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். புத்திசாலி, ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா சபையில மானத்த வாங்காதீங்க. எம் பிள்ளைக்குக் காது குத்தணும்."

"நல்லாக் குத்து. உம் பிள்ளைக்கு ஒரு கொறையும் வர வேணாம். நான் படி ஏற மாட்டேன், சத்தம் போட மாட்டேன். உங்கண்ணன் சீர் கொண்டு வந்துருக்காருல்ல, அதையும் போட்டும். அவரு பெத்த பிள்ளைக்கு உள்ளத மட்டும் நான் கோர்ட்டுல கேட்டுக்கறேன்."

அதற்குள் சீர்வரிசை வேன் வந்துவிட்டது. வெடிச்சத்தம். அவள் போய்விட்டாள். நான் எதையும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. பித்தளைக் குடம் ஒன்பது, பழத்தட்டு நாற்பத்தொன்று, ஒரு சைக்கிள். காரிலிருந்து அவர் இறங்கினார். தொப்பை நான் குறைத்ததைவிட அதிகம்.

கீரை, கால் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு, அப்படியே தைக்கக் கொடுத்த ரவிக்கையையும் வாங்கி வர மதியமாகிவிட்டது. நித்திலா பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். போன பொங்கலுக்கு எடுத்தது, கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

"எங்கடி போன?"

"கோயிலுக்கு."

நெற்றியில் திருநீறு இல்லை, ஈரச் சந்தனம் இருந்தது. உள்ளங்கையில் கற்கண்டு ஒட்டியிருந்தது. கோயிலில் இப்போது கற்கண்டு தருகிறார்கள் போலிருக்கிறது. மத்தியானம் முழுக்க போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மனுவை எடுத்துக்கொண்டார்கள். நீதிபதி ஒரு பெண். படத்தை வாங்கி முதலில் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

அவர் தரப்பு வக்கீல் எழுந்தார். "அது உறவுக்காரங்க பெருமைக்காகப் போட்டதுங்கம்மா."

"வீடும் பெருமைக்குத்தானா? காரு?" என்றார் நீதிபதி.

ஒன்பதாம் தேதி நேரில் வர வேண்டும், பாக்கி முடிவாகும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. அவருக்குப் பதிமூன்றாம் தேதி விமானமாம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வழியெல்லாம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

சொந்தத்தில் இரண்டு பேர் போன் செய்து, "ஆம்பளையப் பகைச்சு என்ன ஆகப்போகுது, விட்டுக்குடு" என்றார்கள். அப்படியானால் பாக்கி நிற்கிற பள்ளிக்கூட பீஸை நீங்கள் கட்டுங்கள் என்றேன். இரண்டு பேருக்கும் உடனே சிக்னல் கிடைக்காமல் போய்விட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல செண்ட் வாசனை. பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லியிருந்ததால் நித்திலா பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். அவர் எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பினார்.

"இது... நித்திலாவா? இவ்வளவு வளந்துட்டியாடா?"

நித்திலா தலையை ஆட்டினாள். அன்றைக்கு மண்டபத்தில் இருந்து வந்தவள் ஏன் அப்படிப் போர்த்திக்கொண்டு படுத்தாள் என்று... இல்லை, அவள் கோயிலுக்குத்தான் போனாள்.

சமரசம் பேச எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். ஃபேன் கடகடவென்று ஓடியது. வக்கீல்கள் இரண்டு பேரும் கூட இருந்தார்கள்.

"பழைய பாக்கி, இனிமே உள்ளது எல்லாத்துக்கும் சேத்து ஏழு லட்சம் தர்றேன். ஒரே தடவையா" என்றார். "இனிமே எதுவும் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்துரு. உனக்கும் இந்த அலைச்சல் வேணாம்."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான் ஜெயா. ஒவ்வொரு மாசமும் இத ஞாபகம் வச்சுக்கிட்டு, அனுப்பிக்கிட்டு... அங்க எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு. முடிச்சுவிட்டா நிம்மதி."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்கு முன்னால் ஒரு நாளும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஏழு லட்சம். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

கொடுக்க வேண்டியதைவிடக் குறைவுதான். ஆனால் கையில் வந்துவிடும். பீஸ் கட்டலாம். மாதா மாதம் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர் மறுபடி விமானம் ஏறிவிட்டால் அடுத்த காதுகுத்துவரை பிடிக்க முடியாது. பஞ்சவர்ணத்துக்கு இருப்பது ஒரே பிள்ளை. ரெஜினா மேடமும் வாங்கிக்கொள்வது நல்லது என்றுதான் சொல்கிறார். "பிள்ளையோட உரிமைய நீ மட்டும் விட்டுக்குடுக்க முடியாது. நீதிபதி பிள்ளைகிட்டயும் கேப்பாங்க. அவகிட்டச் சொல்லி வையி."

நித்திலாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அதுக்கப்புறம் அப்பா எதுவும் அனுப்ப மாட்டாராம்மா?"

"அதான் மொத்தமா வந்துருச்சுல்ல. இனி அவரு யாரோ, நம்ம யாரோ. நிம்மதி."

சரி என்றாள். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நானும் சரி என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். தோற்கவில்லை. ஏழு லட்சம் வாங்குவது தோல்வி ஆகாது.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் நீதிபதி நித்திலாவைத் தன் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கால் மணி நேரம். பிறகு எங்கள் இரண்டு பேரையும், வக்கீல்களையும் உள்ளே அழைத்தார். மேசையில் ஒப்பந்தத் தாள் தயாராக இருந்தது. என் கையெழுத்துக்குப் பென்சிலால் குறி போட்டிருந்தார்கள்.

"நித்திலா, என்கிட்டச் சொன்னத அவங்ககிட்டயும் சொல்றியாம்மா?"

அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொத்தமா வேணாம். மாசா மாசந்தான் வேணும். மொத்தமாக் குடுத்துட்டா அப்பா என்னய மறந்துருவாரு. இப்பவே பாத்தா அடையாளம் தெரியல. மாசத்துக்கு ஒரு தடவ எம் பேரப் போட்டு அனுப்புனா, அன்னைக்கு ஒரு நாளாச்சும் ஞாபகம் வருமில்ல."

அவர் கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமல் மறுபடி பையில் வைத்தார். நான் ஒப்பந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் குறி இரண்டாகத் தெரிந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாக்கி முழுவதையும் விமானம் ஏறுவதற்கு முன் கட்ட வேண்டும். பழைய பன்னிரண்டாயிரம் இப்போது போதாது என்று இனிமேல் மாதம் பதினெட்டாயிரம், ஐந்தாம் தேதிக்குள். அவர் எதையும் மறுக்கவில்லை. அவர் வக்கீல்தான் எழுந்தார்.

"ஒண்ணு செஞ்சிரலாம்மா. மாசம் ஒண்ணாந் தேதி பேங்கே தானாப் புடிச்சு அனுப்புற மாதிரி எழுதிக் குடுத்துருவோம். இவரு ஞாபகம் வச்சுக்க வேண்டியதே இல்ல. ஒரு மாசம்கூடத் தவறாது."

ரெஜினா மேடத்தின் முகம் மலர்ந்தது. இதைவிட உறுதியான வழி கிடையாது. இத்தனை மாதமாக நான் கேட்டதே இந்த உறுதியைத்தான். அந்த வக்கீல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நித்திலாவைப் பார்த்தேன். அவள் இன்னும் மேசை விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் காதெல்லாம் சிவந்திருந்தது.

"வேணாம்மா" என்றேன் நீதிபதியிடம். மேடம் மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். "பேங்க் அனுப்ப வேணாம். அவரே அனுப்பட்டும். அவரு கையால, ஒவ்வொரு மாசமும், எம் பிள்ள பேர அடிச்சு அனுப்பணும்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அவரு தவறவிட்டா?"

"தவறவிட்டா மறுபடி வருவேம்மா. எத்தன தடவ விட்டாலும் வருவேன். எனக்கு இந்தக் கோர்ட்டுக்கு வழி தெரியும்."

அப்படியே எழுதச் சொன்னார். நான் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.